செக் சொல்லாமல் கட்டிய ராஜா

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், எங்கள் தோட்டத்து ஸ்டோரில் ருசி பார்க்கும் அறையில் இருந்தவர்கள்:

ஸ்டோர் வேலையை நடத்துகிற டீமேக்கர் அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக்காரர். அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வாச்சர் வீரய்யா. ஸ்டோர்க் கதவின் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு நிலையோடு சாய்ந்து நின்றார்.

சின்னத்தம்பி மாமா. வட்டகொடையிலிருந்து ஹட்டன்வரை ரயில், அங்கிருந்து டிக்கோயாவரை பஸ், பிறகு மேட்டில் நடை என்று வந்து சேர்ந்தவர். எனக்கு இன்னும் மாமா ஆகாதவர். ஆகலாமா வேண்டாமா என்று பார்க்கத்தான் வந்திருந்தார்.

என் அம்மா காளியாயி. லீவு நாளில் கைக்காசுக்குப் பறித்த கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, வெறுங்கூடையோடு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வந்திருக்க மாட்டாள்.

நான், அழகுமுத்து. பெயரைப் பார்த்து யாரும் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஹட்டனில் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, ஸ்டோரில் இராத்திரி ஷிப்டில் கொழுந்து பரப்புகிறவன்.

இவ்வளவு பேர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இப்போது எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தில் இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் தாங்களும் அந்த அறையில் இருந்ததாகச் சொல்கிறார்கள். அத்தனை பேர் அந்த அறைக்குள் இருந்திருந்தால் சுவர் விழுந்திருக்கும். விழுந்திருந்தால் எனக்கும் நல்லதாகப் போயிருக்கும். ஆட்டம் பாதியில் நின்றிருக்கும்.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. பகலில் பறித்த கொழுந்து சாயங்காலம் வந்து சேரும். மேல்மாடிகளில் சாக்குத் தட்டுகளில் பரப்பி இராத்திரி முழுக்க வாட்டி, விடியுமுன் ரோலரில் போட்டு அரைத்து, நிறம் மாறுவதற்குக் கீழே தரையில் விரிப்போம். இந்த வேலைக்கு நாங்கள் உள்ளே போனதும் கதவை வெளியே பூட்டிவிடுவார்கள். தூள் களவு போகிறதாம். யாரோ ஒருவன் எப்போதோ வேட்டி மடிப்பில் கொண்டுபோன தூளுக்காக, அவனைப் பார்த்தேயிராத நாங்கள் பூட்டுக்குள் இருந்தோம்.

"தீப் புடிச்சா என்னாண்ணே செய்யிறது?" என்று வீரய்யாவிடம் ஒருமுறை கேட்டேன்.

"தட்டு. தொறக்கிறேன்."

அவர் தூங்கும்போது கோயில் மேளத்தைக் காதருகே அடித்தாலும் எழும்பமாட்டார் என்பது தோட்டத்துக்கே தெரியும்.

எனக்குப் பூட்டு பெரிய பிரச்சினையாக இல்லை. பகல்தான் பிரச்சினை. லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் பகலில் தூங்க முயற்சி செய்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. அப்படித் தூங்காமல் கிடந்த நேரங்களில் என்னைப் பற்றி நிறைய யோசித்து, ஒன்றையும் கண்டுபிடிக்காமல் இருந்தவனுக்கு, அறுபத்திரண்டாம் ஆண்டு தைப்பொங்கலோடு ஒரு சம்பந்தம் வந்தது. வட்டகொடைத் தோட்டத்து சின்னத்தம்பியின் மகள் நாகலெட்சுமி. பெண்ணை ஒரு கல்யாண வீட்டில் நான் பார்த்திருக்கிறேன். அவளும் என்னைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகும் சம்மதம் என்றாள். அந்த வீட்டு வெளிச்சம் போதாமல் இருந்திருக்கும்.

எல்லாம் சரியாக வந்து ஓரிடத்தில் நின்றது. "ராத்திரி வீட்ல இல்லாத மாப்பிளைக்குப் பொண்ணக் குடுத்து என்னா செய்யிறது?" என்று சின்னத்தம்பி மாமா கேட்டார். "பகல் வேல வாங்கிட்டுச் சொல்லி அனுப்புங்க. நாளு பாத்துருவோம்."

நியாயமான பேச்சு. எனக்கே மகள் இருந்தால் எனக்குக் கொடுக்க மாட்டேன்.

பகல் ஷிப்டில் ஆளைப் போடுவதும் எடுப்பதும் டீமேக்கர் கையில். நான் மூன்று தரம் போய்க் கேட்டேன். மூன்று தரமும் "பாப்பம்" என்றார். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமோ, எங்கள் தோட்டத்தில் இல்லை என்று அர்த்தம்.

அம்பலவாணர் கெட்ட மனிதர் இல்லை. தனி மனிதர். மனைவியும் பிள்ளைகளும் ஊரில். அரைத்த கொழுந்து தரையில் நிறம் மாறிக்கொண்டிருக்கும் நேரத்தில் டீமேக்கர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். நேரம் பிசகினால் ஒரு நாள் உழைப்பு முழுதும் கழிவுத் தூளாகப் போய்விடும். அந்தக் காத்திருப்பில் அவர் ருசி பார்க்கும் மேசையில் செஸ் பலகையை விரித்துத் தனக்குத்தானே ஆடுவார். முன்பு அவரோடு ஆடிய ஆபீஸ் கிளாக்கர் மாற்றலாகிப் போய்விட்டார். அதனால் வெள்ளைக்கு ஒரு பக்கம் உட்காருவார். எழுந்து சுற்றி வந்து கறுப்புக்கு மறுபக்கம் மரப்பெட்டியில் உட்காருவார். வெள்ளையாக இருக்கும்போது கறுப்பைத் திட்டுவார்.

நான் விளக்குமாற்றோடு அந்த அறை வாசலில் நின்று பார்ப்பேன். பல மாதங்கள் பார்த்தேன். குதிரை எப்படித் தாவும், பிஷப் எப்படிக் கோணலாகப் போகும், கோட்டை எப்படி நேராக ஓடும், ராணி எப்படி எல்லாம் செய்யும், எல்லாம் தெரிந்துகொண்டேன். ராஜாவை அடிக்கிற மாதிரிக் காய் வைத்தால் "செக்" என்று சொல்ல வேண்டும் என்றும் தெரிந்துகொண்டேன். ஒன்றைத் தவிர எல்லாம் தெரியும். ஆட்டம் எப்படி முடியும் என்று தெரியாது. ஏனென்றால் அவர் ஆட்டம் ஒன்றுகூட முடிந்து நான் பார்த்ததில்லை. கொழுந்துக்கு நிறம் வந்துவிடும். மூக்கை உயர்த்தி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, பலகையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடுவார். திரும்பி வந்து காய்களைப் பெட்டியில் அள்ளிப் போடுவார்.

கேட்டிருக்கலாம். கேட்டால், கூட்டாமல் வேடிக்கை பார்த்தது தெரிந்துவிடும். ஆகவே முடிவை நானே எங்கள் ஊர் ஆட்டத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் லயத்து வாசலில் கரியால் கட்டம் கிழித்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவோம். புலிகள் ஆடுகளைத் தாண்டித் தாண்டித் தின்னும். ஆடுகளுக்குப் பல்லில்லை, அவை சுற்றி நின்று புலி எந்தப் பக்கமும் நகர முடியாமல் அடைக்க வேண்டும். புலி நகர வழியில்லாமல் நின்றால் "கட்டியாச்சு" என்று கத்துவோம். ஆடு ஜெயித்தது. இதில் சந்தேகம் கேட்டவன் யாரும் கிடையாது. செஸ்ஸிலும் ராஜா நகர முடியாமல் நின்றால் கட்டியாச்சு என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தெரியாத கணக்குக்குத் தெரிந்த கணக்கின் விடையை எழுதுகிற பழக்கம்.

ஆட்டத்துக்கு அவர் என்னைக் கூப்பிட்டது என் திறமையால் என்று லயத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. நடந்தது இதுதான். ஒரு நாள் அவர் எழுந்து போன நேரம் மேசைக்கடியில் கூட்டினேன். விளக்குமாற்றுக் கட்டை பட்டு வெள்ளை பிஷப் உருண்டு விழுந்தது. எடுத்து ஒரு கட்டத்தில் வைத்தேன். அது இருந்த கட்டம் அது இல்லை. திரும்பி வந்தவர் பலகையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார்.

"ஆர் இதைத் தொட்டது?"

வேலை போயிற்று என்று நினைத்தேன். "நான்தாங்க."

"நீயோ? நீ செஸ் ஆடுவியோ?"

இல்லை என்றால் பலகையை ஏன் தொட்டாய் என்பார். "கொஞ்சம் ஆடுவேங்க."

"நல்ல மூவ். இவ்வளவு நேரம் பாத்தும் எனக்குப் பிடிபடேல்லை." அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "ஞாயிறு பின்னேரம் வா. ஒரு ஆட்டம் போடுவம்."

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்தது என்று தெரியாது. தூக்கமில்லாதவனுக்குச் சில நேரம் வரும். "நான் ஜெயிச்சா பகல் ஷிப்டு குடுப்பீங்களாய்யா?"

நிறையச் சிரித்தார். "வெண்டால் பகல். தோத்தால் ராத்திரி. பேந்து வாய் திறக்கப்படாது. சரியோ?"

சரி என்றேன். அன்று காலையே வட்டகொடைக்குச் சொல்லி அனுப்பினேன். மாப்பிள்ளை பகல் வேலைக்குப் போகிற நாளில் மாமனார் பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். என்னைவிட முட்டாள்கள் இருக்கலாம், ஆனால் அவர்கள் சொந்தச் செலவில் சாட்சி அழைத்துக்கொண்டு போவதில்லை.

ஞாயிறு பிற்பகல் பலகையை விரித்தார். அவர் கறுப்பு, நான் வெள்ளை.

"இரும்" என்று மரப்பெட்டி ஒன்றைக் காட்டினார். அதுவரை 'நீ' என்று பேசியவர், பலகை விரித்ததும் 'நீர்' ஆக்கினார். எனக்கு அது புதிதாக இருந்தது. பின்னால் திரும்பி யாரையாவது சொல்கிறாரா என்று பார்த்தேன். நான் உட்காரவில்லை. டீமேக்கருக்கு முன்னால் ஸ்டோர்க்காரன் உட்காருவது எங்கள் தோட்டத்தில் வழக்கமில்லை. அதோடு, நான் அந்தப் பலகையை நின்றுகொண்டே பார்த்துக் கற்றவன். உட்கார்ந்தால் குதிரை எது, பிஷப் எது என்று குழம்பிவிடும் என்ற பயமும் இருந்தது. முழு ஆட்டமும் நின்றே ஆடினேன். சின்னத்தம்பி மாமாவும் மரியாதைக்கு நின்றார்.

தொடக்கத்தில் அவர் இத்தனை மாதம் தனக்குத்தானே ஆடிய வெள்ளை நகர்வுகளையே நான் வைத்தேன். அவர் புருவத்தை உயர்த்தினார். "பரவாயில்லையே" என்றார். மாமாவின் முகம் மலர்ந்தது.

பிறகு எனக்கு ஞாபகம் இருந்த நகர்வுகள் தீர்ந்துவிட்டன. அவர் ராணியை நடுப் பலகைக்குக் கொண்டுவந்து வைத்தார். நான் யோசித்தேன். யோசித்தேன் என்றால், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். வெகுநேரம். அப்போது அவர் கை தானாக நீண்டது. என் பக்கத்து பிஷப்பை எடுத்தது. கோணலாக ஓடி அவருடைய ராணியையே அடித்தது. அடித்த ராணியைப் பெட்டிக்குள் போட்டது. "மடையன், ராணியை அங்கை விட்டிட்டான்" என்று வாய் முணுமுணுத்தது.

பிறகுதான் அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"ஐயா, அது என் காய்ங்க" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே அம்மா, "அவரு ஏன்டா ஒங்காயத் தொடுறாரு?" என்றாள்.

வீரய்யா சிரிப்பை அடக்க முயன்று முடியாமல், "ரெண்டு பக்கமும் ஐயாவே ஆடுறாங்க அழகு. நீ வீட்டுக்குப் போயிட்டு அப்புறமா வா" என்றார்.

அம்பலவாணரின் முகம் சிவந்தது. "பழக்கதோஷம்" என்றார்.

"திருப்பி வச்சிருங்க ஐயா, பரவால்ல" என்றேன். மாமா என் முதுகில் இடித்தார்.

"இல்லை. தொட்ட காய் ஆடவேணும். ஆடின காய் ஆடினதுதான். என்ரை கைதானே செய்தது? இனி உம்மடை பக்கம் நான் தொடமாட்டன்." இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். சட்டத்தை அப்படிப் பிடிக்கிற மனிதர். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அவர் சொன்னதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாயில்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

ராணி போனபின் அவரை அடிப்பதற்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை. இருந்ததை வைத்தே சமாளித்தேன். கிடைத்த காயையெல்லாம் தின்றேன். ஒவ்வொரு காயையும் பெட்டியில் போடும்போது மாமா தொண்டையைக் கனைத்தார். வட்டகொடையில் ஆடுபுலியில் அவரை அடிக்க ஆளில்லை. ஆட்டம் பிடிபடாவிட்டாலும் யார் தின்கிறார், யார் தின்னப்படுகிறார் என்பது அவருக்குப் பிடிபட்டது.

"மாப்ள, இன்னும் எத்தனை பாக்கி அவருக்கு?"

மாப்ள என்றார். முதல் தடவையாக. அது காதில் விழுந்ததிலிருந்து எனக்குப் பலகை சரியாகத் தெரியவில்லை.

பாக்கி ராஜாவும் ஒரு சிப்பாயும். ராஜா அவர் பக்கத்துக் கடைசி வரிசையின் மூலையில் ஒடுங்கி நின்றது. என்னிடம் ராணி, இரண்டு கோட்டை. ஒரு கோட்டை ராஜாவுக்கு முன்வரிசையை நீளத்துக்கும் மறித்து நின்றது. ராஜா அந்த வரிசையில் கால் வைக்க முடியாது. மற்றக் கோட்டை எதிர் ஓரத்தில் என் பக்கம் சும்மா நின்றது. அதை ஒரே தள்ளாக அந்த மூலை இருக்கும் கடைசி வரிசைக்குத் தள்ளி "செக்" என்று சொல்லியிருந்தால் ராஜாவுக்கு ஓட இடமில்லை. கதை முடிந்தது. நாகலெட்சுமிக்கு நாள் பார்த்திருப்பார்கள். இது இன்று எனக்குத் தெரியும். இதை நான் பகலில் தூங்காமல் கிடக்கும்போது எத்தனையோ தரம் தள்ளிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் சரியாகப் போய் நிற்கிறது.

அம்பலவாணர் வெகுநேரம் பலகையையே பார்த்தார். பிறகு அந்தக் கடைசிச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளினார். என் ராணியின் வாய்க்கு நேரே.

"நீர்தான் இனி" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. அவ்வளவு சாதாரணமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"அதையும் வழிச்சிருங்க மாப்ள" என்றார் மாமா.

"தின்னுடா" என்றாள் அம்மா, கூடைக்கு அந்தப் பக்கமிருந்து.

நான் யோசித்தேன். இந்தத் தடவை உண்மையாகவே யோசித்தேன். சிப்பாயைத் தின்றால் அவரிடம் ராஜா மட்டும். ராணி அந்தக் கட்டத்தில் நின்றால் ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டம், முன் கட்டம், கோணக் கட்டம் மூன்றும் அடைபடும். புலி மாதிரித் தின்றதும் ஆச்சு, ஆடு மாதிரி அடைத்ததும் ஆச்சு. ஒரே நகர்வில் இரண்டும். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

பிஷப்பின் நல்ல நகர்வை விளக்குமாறு வைத்தது. ராணியைத் தின்ற நகர்வை அவர் கை வைத்தது. தொடக்க நகர்வுகள் அவரிடம் திருடியவை. அந்த ஆட்டத்தில் நானாக யோசித்து வைத்த ஒரே நகர்வு இதுதான்.

சிப்பாயைத் தின்று ராணியை வைத்து, "கட்டியாச்சு!" என்று கத்தினேன்.

மாமா கை தட்டினார். அம்மா கூடையைக் கீழே வைத்தாள். வீரய்யா சாவிக்கொத்தைக் குலுக்கினார். அம்பலவாணர் மட்டும் அசையவில்லை.

"செக் சொன்னீரோ?"

"இல்லீங்க. கட்டிட்டேங்க. நகர முடியாதுங்களே."

"நகரேலாதுதான். ஆனால் இப்ப ராஜா நிக்கிற கட்டத்தை ஆர் அடிக்கினம்? காட்டும் பாப்பம்."

காட்டுவதற்காகக் குனிந்தேன். ராணியிலிருந்து விரலை ஓட்டினேன். நேராக ஓட்டினேன், கோணலாக ஓட்டினேன். ராஜாவின் மூன்று பக்கத்தையும் தொட்டது, ராஜாவைத் தொடவில்லை. கோட்டையிலிருந்து ஓட்டினேன். அதுவும் தொடவில்லை. அத்தனை பெரிய படையில் ஒருவன்கூட அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை.

"ஒருத்தரும் அடிக்கலைங்க."

"இப்ப ஆற்றை முறை?"

"உங்க முறைங்க."

"நான் எங்கை போறது? நிக்கிற இடத்திலை ஆபத்தில்லை. போற இடமெல்லாம் ஆபத்து. ராஜா தானாய்ப் போய் வெட்டுக்குள்ளை விழப்படாது. ஆடுறதுக்கு வேறை காயும் எனக்கில்லை, எல்லாத்தையும் நீர் திண்டுபோட்டீர். இதுக்குப் பேர் ஸ்டேல்மேட். நீரும் வெல்லேல்லை, நானும் தோக்கேல்லை. ஆட்டம் சமன்."

மாமா முன்னால் வந்தார். மரியாதைக்குத் துண்டு இன்னும் கையிலேயே இருந்தது. "ஐயா மன்னிக்கணும். இது எந்த ஊரு நியாயமுங்க? நகர முடியாம நின்னா தோத்ததுதானுங்களே? எங்க ஆட்டத்துல புலிய அப்படித்தானுங்க கட்டுவோம்."

"அது புலி. இது ராஜா. புலியை அடைச்சால் காணும். ராஜாவை அடைச்சால் காணாது, அடிக்கவும் வேணும். அடிச்சுக்கொண்டு அடைச்சால் வெற்றி. அடிக்காமல் அடைச்சால் ஒண்டுமில்லை."

"ஒரு படையும் இல்ல, ஒரு அடி எடுத்து வைக்க முடியல, அவரு தோக்கலையாம்" என்றாள் அம்மா. "ராஜாங்கிறதால சொல்றாங்க. நம்மளுக்குன்னா விடுவாங்களா?"



அம்பலவாணர் என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "அந்தச் சிப்பாயை விட்டு வைச்சிருக்க வேணும். அது நிண்டால் எனக்கு ஆட ஒரு காய் இருக்கும், ஸ்டேல்மேட் வராது. தோக்கிறவனுக்கு ஸ்டேல்மேட்தான் கடைசி ஆசை. நான் அதை உமக்கு முன்னாலை கொண்டுவந்து வைச்சதே நீர் தின்ன வேணும் எண்டுதான்." பிறகு விரலால் ராஜாவிலிருந்து ராணிக்கு ஒரு தாவல் தாவிக் காட்டினார். "பாரும், குதிரைத் தாவல் தூரம். மூலைக்குள்ளை தனி ராஜா நிண்டால் அந்தத் தூரத்திலை ராணியை வைக்கப்படாது. வைச்சால் கெட்டுது. ஒவ்வொரு மூவுக்கும் முன்னாலை உம்மையே கேளும்: நான் செக் வைக்கிறனோ? இல்லையெண்டால் அவனுக்கு ஆட ஏதாவது மிச்சம் இருக்கோ? ரெண்டுக்கும் இல்லை எண்டால் கையை எடும்."

நல்ல புத்திமதி. கொஞ்சம் முன்னால் கிடைத்திருந்தால் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.

அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க ஆசையாக இருந்தது. சொந்த ராணியைத் தின்ற நகர்வையே திருப்பி எடுக்காத மனிதர் இதில் பொய் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்திருக்க வேண்டாத நேரத்தில்தான் எனக்கு ஏதாவது தெரியும்.

"ஐயா, பகல் ஷிப்டு?" என்றேன்.

அவர் காய்களைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினார். பெட்டியை மூடியதும் 'நீர்' போய் 'நீ' வந்துவிட்டது. "என்ன பேச்சு? வெண்டால் பகல். நீ வெல்லேல்லை."

"தோத்தா ராத்திரின்னுதானுங்களே சொன்னீங்க. நான் தோக்கவும் இல்லையே."

"ஓம். ரெண்டும் இல்லை. அப்ப இருக்கிறபடி இருக்கட்டும்."

இருக்கிறபடி என்றால் ராத்திரி. அதைக் கண்டுபிடிக்க எனக்குக்கூட நேரம் பிடிக்கவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழம இன்னொரு ஆட்டம் ஆடுவோமாய்யா? அதே பேச்சுல?"

அவர் எழுந்து பெட்டியை அலமாரியில் வைத்தார். பிறகு திரும்பினார். தன் மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாத மனிதர்.

"அதே பேச்சிலை வேண்டாம் அழகுமுத்து. நீ பகலுக்குப் போனால் நான் ராத்திரியிலை ஆரோடை ஆடுறது? கிளாக்கர் போனதிலை இருந்து நான் என்னோடையே ஆடி எனக்கு விசர் பிடிக்கப் பாத்தது. நீ கண்டாய்தானே, என்ரை ராணியை நானே வெட்டினன். இண்டைக்கு ராத்திரியே ஆடுவம். கொழுந்து நிறம் மாறுறவரைக்கும் நேரம் கிடக்கு. உனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுறன்."

அவர் எனக்கு ஏதோ பெரிதாகத் தருகிற மாதிரித்தான் சொன்னார். அவர் கணக்கில் அது பெரிதுதான். கேவலமாக ஆடியிருந்தால் ஒருவேளை என்னைப் பகலுக்குத் தள்ளியிருப்பார். நன்றாக ஆடி, கடைசியில் கெடுத்து, இராத்திரிக்கு இன்றியமையாதவன் ஆகிவிட்டேன். தோட்டத்தில் வேறு யாருக்கும் இப்படி உழைத்துக் கெடத் தெரியாது.

வெளியே வந்தோம். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப என்னா முடிவுங்க?" என்று அம்மா கேட்டாள்.

"நான் குடுக்கமாட்டேன்னு சொல்ல வரலைங்க தங்கச்சி."

"குடுக்கிறேன்னு சொல்றீங்களா?"

"அதையும் எப்படிங்க சொல்றது? பகல் வேல கெடைக்கட்டும். பொண்ணு எங்க போயிரப் போகுது, அங்கதான் இருக்கும்." என் பக்கம் திரும்பினார். மாப்ள என்று தொடங்கியவர் வாயை மூடிக்கொண்டு, "தம்பி, அந்தச் சிப்பாய விட்டிருக்கலாம்" என்றார்.

"நீங்கதானுங்களே வழிக்கச் சொன்னீங்க?"

"நான் புலிக்குச் சொன்னேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இறங்கிப் போனார். அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, "அந்தப் பொம்மைய வச்சிக்கிட்டு ஒரு கல்யாணத்தக் கெடுத்துட்டியேடா. ஒங்கப்பன் சீட்டாடித்தான் கெடுத்தான். நீ படிச்சவன், வேற மாதிரி கெடுக்கிற" என்றாள். லயத்துக்குப் போய் ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பலோடு கொடுத்தனுப்பினாள். கோபம் வந்தால் சம்பலில் மிளகாயைக் கூட்டுவாள். அன்று கண்ணில் தண்ணீர் வந்தது. சம்பலால்தான்.

அது கொழுந்து கொட்டிய மாதம். ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக் கொழுந்தே லொறி நிறைய வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சங்கு ஊதியதும் ரொட்டிப் பொட்டலத்தோடு ஸ்டோருக்குப் போனேன். மற்றவர்கள் முன்னமே மாடி ஏறிவிட்டார்கள். வீரய்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னா மாப்ள, உள்ள போறீங்களா? இல்ல வேற எங்கயாச்சும் போற மாதிரியா?"

"வேற எங்கண்ணே போறது?"

"அதானே."

வாசலில் நின்று திரும்பி ஒரு தரம் பார்த்தேன். ரோட்டில் நிற்கலாம், பேர் விழாது, கூலி இல்லை. லயத்துக்குத் திரும்பலாம், அம்மா இருக்கிறாள். வட்டகொடைக்குப் போகலாம், அதைப் பற்றிப் பேச வேண்டாம். இங்கே நின்றால் யாரும் அடிக்கப் போவதில்லை. அதற்குமேல் யோசித்தால் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. உள்ளே கால் வைத்தேன்.

ருசி பார்க்கும் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. மேசையில் காய்கள் ஏற்கெனவே அடுக்கப்பட்டிருந்தன. எதிரெதிராக இரண்டு நாற்காலி. என் பக்கம் இந்த முறை கறுப்பு.

பின்னால் வீரய்யா கதவைச் சாத்தி, வெளியே பூட்டினார்.